வாங்கியவர் வாளியும் ஊரார் வாளியும்

அருங்காட்சியகம் என்பது பொருள்களைப் பூட்டி வைக்கும் பண்டகசாலை அன்று. எவர்க்கும் தனியுடைமை ஆகாமல், எல்லாரும் கண்டு அறிவு பெறுவதற்கென ஒதுக்கப்பட்ட பொது மனை அது. அதனுள் நுழைந்துவிட்டால் கோடீசுவரரும் பார்வையாளரே, கூலிக்காரரும் பார்வையாளரே. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் கிண்ணம் ஒருவர்க்கு அதிகமாகவும் மற்றவர்க்குக் குறைவாகவும் தெரிவதில்லை.

இத்தகைய மனையே தன் பொருளை விற்கப் புறப்பட்டால் என்ன செய்வது? மேலை நாடுகளில் அண்மைக் காலமாக இவ்வினா அடிக்கடி எழுந்து வருகிறது. கூரை ஒழுகுகிறது, ஊழியர்க்குச் சம்பளம் கொடுக்க வகையில்லை, நகரசபையின் மானியம் சுருங்கிவிட்டது என்று நிர்வாகிகள் முறையிடுகின்றனர். பொதுச்சொத்தைக் கூறுபோட்டு விற்கலாகாது என்று மக்கள் மறுக்கின்றனர். இரு சாராருக்கும் இடையே நடுவழி ஒன்று சொல்லப்படுகிறது. பொருளை விற்கலாம், ஆனால் வாங்குகிறவர் அதனை மக்கள் காணும் இடத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்து விற்க வேண்டும் என்பதே அது.

கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றுகிறது. எனினும், விற்ற பொருளின் மீது விற்றவர்க்கு என்ன பிடி இருக்கிறது? வாங்கியவர் பத்து ஆண்டுகள் காட்டிவிட்டுப் பதினோராம் ஆண்டு பூட்டிக்கொண்டால் கேட்பவர் யார்? அவர் மறைந்தபின் வாரிசுகள் அதனை வேறொருவர்க்கு விற்றால் நிபந்தனை எங்கே போகும்? ஃபிக்ஹுக் கலை பயின்றோர்க்கு இவை புதிய வினாக்கள் அல்ல. வக்ஃபு, வியாபாரம் ஆகிய இரு பாடங்களிலும் நம் இமாம்கள் நூற்றாண்டுகளாக விவாதித்த வினாக்களே வேறு உடை உடுத்து இன்று வந்திருக்கின்றன. ஆகவே, மேலை நாட்டு நிகழ்ச்சிகளையும் நம் முன்னோரின் சட்ட அறிவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும் எனக் கருதுகிறோம். சிலை, ஓவியம் ஆகியவை பற்றிய மார்க்கத் தீர்ப்பு வேறு பொருள். ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது உரிமையும் நிபந்தனையும் பற்றிய விசாரணை மட்டுமே.

நிபந்தனையின்றிப் போன எழுத்தர்

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் என்றொரு நகரம். அந்நகர அருங்காட்சியகத்தில் செகெம்கா என்னும் எகிப்திய எழுத்தரின் சுண்ணாம்புக்கல் உருவம் இருந்தது. மடியில் ஏட்டை விரித்தபடி அவர் அமர்ந்திருக்க, காலடியில் அவர் மனைவி சிறிய உருவமாகச் செதுக்கப்பட்டிருந்தார். இரண்டரை அடி உயரமே உள்ள அவ்வுருவம் ஏறத்தாழ 4,300 ஆண்டுகளுக்கு முற்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் நார்தாம்ப்டன் பிரபுவின் குடும்பத்தார் எகிப்திலிருந்து கொணர்ந்து, பின்னர் அந்நூற்றாண்டிலேயே நகரின் அருங்காட்சியகத்திற்கு வழங்கினர்.

நகரசபை இதனை விற்க முடிவு செய்தது. அருங்காட்சியகத்தை விரிவுபடுத்தப் பணம் வேண்டும் என்பதே காரணம். 2014-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் லண்டன் மாநகரில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் அது 1 கோடியே 57 இலட்சத்து 60 ஆயிரம் பவுண்டுக்கு விலைபோயிற்று. அத்தொகையை நகரசபையும் பிரபுவின் வழித்தோன்றலும் பங்கிட்டுக்கொண்டனர். வாங்கியவர் இன்னார் என்பது வெளியிடப்படவில்லை. மக்கள் காண வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஊரார் எதிர்த்தனர், எகிப்திய அரசும் கண்டித்தது. இவ்வெதிர்ப்புகள் எதனாலும் ஏலம் நிற்கவில்லை.

ஏலம் முடிந்தபின் தண்டனைகள் வந்தன. இங்கிலாந்துக் கலை மன்றம் அவ்வருங்காட்சியகத்தின் அங்கீகாரத்தை 2014 ஆகஸ்டில் நீக்கியது. குறைந்தது 5 ஆண்டுகளுக்கு மீண்டும் விண்ணப்பிக்க இயலாது என்றும் அறிவித்தது. 2015-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் ஏற்றுமதி உரிமத்தைச் சில மாதங்கள் நிறுத்திவைத்து, உள்நாட்டில் எவரேனும் அதே விலைக்கு வாங்க முன்வருவார்களா எனப் பார்த்தது. அத்தொகை திரளவில்லை. தடை நீங்கியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. தண்டனை பெற்றது விற்ற அருங்காட்சியகம். இழப்பு அடைந்ததோ அதனைப் பார்த்துவந்த ஊர். அங்கீகாரம் போனதால் மானியங்கள் பெறும் தகுதி குறைந்து, அதன் சுமையும் ஊரார் தலையிலேயே விழுந்தது. பொருளை மீட்கும் அதிகாரம் படைத்தவர் எவரும் விற்பனைக்கு முன்னரும் இல்லை, பின்னரும் இல்லை.

நிபந்தனையோடு போன ஓவியம்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிட்ஸ்ஃபீல்டு என்னும் நகரில் பெர்க்‌ஷயர் அருங்காட்சியகம் உள்ளது. காகித ஆலை அதிபரான ஜீனஸ் கிரேன் என்பவர் 1903-இல் அதனை நிறுவினார். அப்பகுதியில் வாழ்ந்து 1978-இல் மறைந்த ஓவியர் நார்மன் ராக்வெல், தம் ஓவியங்கள் இரண்டை அவ்வருங்காட்சியகத்திற்குத் தாமே அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். அவற்றுள் ஒன்று 1950-இல் தீட்டப்பட்ட முடிதிருத்தும் கடை ஓவியம். வேலை முடிந்து விளக்கணைந்த கடை. பின்னறையில் மட்டும் வெளிச்சம். அங்கே முதியவர் மூவர் அமர்ந்து இசைக்கருவிகள் வாசிக்கின்றனர். வெளியே தெருவில் நின்று கண்ணாடி வழியே நாம் அதனைப் பார்ப்பதுபோல் வரையப்பட்டது. அமெரிக்க மக்கள் பெரிதும் நேசிக்கும் ஓவியங்களுள் அதுவும் ஒன்று.

2017 ஜூலையில் அவ்வருங்காட்சியகத்தார், தம்மிடமுள்ள 40 கலைப்பொருள்களை விற்கப்போவதாக அறிவித்தனர். ஆண்டுதோறும் பற்றாக்குறை, இப்படியே போனால் சில ஆண்டுகளில் கதவை மூட நேரிடும், விற்று வரும் பணத்தால் மூலநிதி திரட்டிக் கட்டடத்தையும் புதுப்பிப்போம் என்றனர். ராக்வெலின் மைந்தர்களும் ஊரார் சிலரும் நீதிமன்றம் சென்றனர். தந்தையார் தம் ஊர் மக்களுக்கென்று கொடுத்ததை வெளியாரிடம் விற்கலாமா என்பது அவர்களின் வாதம்.

மாசசூசெட்ஸ் சட்டப்படி, தரும நிறுவனங்களின் சொத்தைப் பொதுமக்கள் சார்பில் கண்காணிக்கும் பொறுப்பு அரசுத் தலைமை வழக்கறிஞருக்கு உண்டு. அவர் அலுவலகம் கணக்குகளை ஆராய்ந்தது, ஏலம் இடைநிறுத்தப்பட்டது. 2018 பிப்ரவரியில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. அம்மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் 2018 ஏப்ரலில் அதனை ஏற்றார். விற்பனைத் தொகை 5 கோடியே 50 இலட்சம் டாலரைத் தாண்டலாகாது என்பது ஒரு வரம்பு. முடிதிருத்தும் கடை ஓவியத்தை ஏலத்தில் விடாமல், பொதுமக்களுக்குரிய மற்றோர் அருங்காட்சியகத்திற்கே விற்க வேண்டும். ஓவியர் வாழ்ந்த ஸ்டாக்பிரிட்ஜ் ஊரிலுள்ள அவர் பெயர் கொண்ட அருங்காட்சியகத்தில் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டுவரை முதலில் அது காட்சிக்கு வைக்கப்பட வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அப்போது எழும்பிக்கொண்டிருந்த லூக்காஸ் அருங்காட்சியகம் அதனை வாங்கியது. நிபந்தனைப்படி ஓவியம் முதலில் ஸ்டாக்பிரிட்ஜ் சென்றது.

ஆனால் ராக்வெல் கொடுத்த மற்றோர் ஓவியத்திற்கு இத்தகைய பாதுகாப்பு கிட்டவில்லை. கொல்லன் பட்டறையைக் காட்டும் அவ்வோவியம் 2018 மே மாதம் ஏலத்தில் சுமார் 80 இலட்சம் டாலருக்குப் போயிற்று. ஒருவரே கொடுத்த இரு பொருள்கள். ஒன்று மக்கள் கண்முன் தங்கியது, மற்றொன்று சந்தையில் கலந்தது. கொடுத்தவர் நோக்கம் இரண்டுக்கும் ஒன்றே. வேறுபட்டது நிபந்தனை மட்டுமே.

விற்றதன் மீது நிபந்தனை செல்லுமா?

இனி நம் ஃபிக்ஹு நூல்களின் பக்கம் வருவோம். ஒருவர் ஒரு பொருளை விற்கும்போது, அதன் பயன்பாட்டைப் பற்றி நிபந்தனை விதிக்கலாமா? ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகச் செய்தி இங்கே நினைவுக்கு வரும். பயணம் ஒன்றிலிருந்து திரும்பும் வழியில் பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னாரின் ஒட்டகத்தை விலைக்குக் கேட்டார்கள். மதீனா சேரும்வரை தாம் அதன்மீது ஏறி வருவதாக ஜாபிர் (ரலி) நிபந்தனை கூறி விற்றார்கள். ஊர் வந்து சேர்ந்ததும் பெருமானார் (ஸல்) விலையையும் கொடுத்து, ஒட்டகத்தையும் திரும்பக் கொடுத்து அனுப்பினார்கள்.

இச்செய்தியை ஆதாரமாகக் கொண்டு ஹன்பலீ மத்ஹபினர், விற்றவர் ஒரு குறிப்பிட்ட பயனைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தமக்கென ஒதுக்கிக்கொள்வது செல்லும் என்றனர். ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளின் அறிஞர்கள் இதில் மிக எச்சரிக்கையாக இருந்தனர். விற்பது என்றால் உடைமை முழுவதையும் மாற்றிக் கொடுப்பது. 'உனக்கு விற்றேன், ஆனால் நீ இதனை உன் விருப்பப்படி ஆளலாகாது' என்பது ஒப்பந்தத்தின் இயல்புக்கே முரண் என்பது அவர்களின் பார்வை. எனினும் அடிமையை விடுதலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு விற்பதை ஷாஃபிஈ மத்ஹபு ஏற்றுக்கொள்கிறது. விடுதலை என்பது மனித உடைமையிலிருந்து ஓர் உயிரை நீக்கி இறைவன் பொருட்டு உரியதாக்குவது. அத்தகைய உயர்ந்த நோக்கத்திற்கு அங்கே விதிவிலக்கு அளிக்கப்பட்டது.

இந்தத் தயக்கத்தின் பின்னே உள்ள அறிவு மிக ஆழமானது. நிபந்தனை எழுதுவது எளிது. அதனைச் சுமந்து செல்ல வேண்டியவர் யார் என்பதே கேள்வி. இன்றைய மேலை நாட்டுச் சட்டங்களிலும் அசையும் பொருள் பற்றிய ஒப்பந்தம் பொதுவாகக் கையெழுத்திட்ட இருவரையே கட்டும். வாங்கியவரிடமிருந்து மறுபடி வாங்குகிற மூன்றாமவரை அது கட்டுவது அரிது. ஆகவே தனி மனிதர் ஒருவரிடம் 'மக்களுக்குக் காட்டு' என்று சொல்லி விற்பது, அவருடைய ஆயுளையும் மனத்தையும் நம்பி விற்பதேயாகும்.

பெர்க்‌ஷயர் ஓவியத்தின் நிபந்தனை நிற்கக் காரணம் அது காகிதத்தில் எழுதப்பட்டது மட்டும் அன்று. வாங்கியதும் ஒரு பொது அருங்காட்சியகமே. மக்களுக்குக் காட்டுவதற்கென்றே பிறந்த நிறுவனத்திடம் மக்களுக்குக் காட்டு என்று சொன்னால், அஃது அதன் இயல்போடு பொருந்திவிடுகிறது. நிபந்தனை விற்பனையில் இருந்ததைவிட, வாங்கியவரின் தன்மையிலேயே இருந்தது எனலாம்.

வக்ஃபின் வழி

விற்பனை வழியில் வலுவற்றதாகக் காணப்படும் இந்நிபந்தனை, வக்ஃபு வழியில் வந்தால் இரும்பாகிவிடுகிறது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் நல்ல நிலம் கிடைத்தது. அதனை என்ன செய்வது என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் யோசனை கேட்டபோது, நிலத்தை அப்படியே நிறுத்திவைத்து அதன் விளைச்சலைத் தருமமாக்கும் வழி காட்டப்பட்டது. அந்நிலம் விற்கப்படலாகாது, அன்பளிப்பாக்கப்படலாகாது, வாரிசுரிமையாகவும் பிரியலாகாது என உமர் (ரலி) விதித்தார்கள். ஏழைகள், உறவினர், வழிப்போக்கர், விருந்தினர் முதலியோர் அதன் பயனுக்கு உரியோராயினர்.

இத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அதனைக் கவனிப்பவர் யார் என்பதையும் எழுதி வைத்தார்கள். தம் மகளாரான அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களைப் பொறுப்பாளராக நியமித்து, அவர்களுக்குப் பின் குடும்பத்தில் தகுதியுடையோர் அப்பொறுப்பை ஏற்க வேண்டும் என ஏற்பாடு செய்தார்கள். பொருள், நோக்கம், காவலர் என்ற மூன்றும் ஒரே ஆவணத்தில் அடங்கின. வக்ஃபு செய்தவரின் நிபந்தனைக்கு மார்க்கச் சட்ட வாக்கியத்துக்குரிய மதிப்பைப் பிற்காலச் சட்ட அறிஞர்கள் கொடுத்ததும் இந்த அடிப்படையில்தான்.

வக்ஃபுப் பொருளால் பயனே இல்லாமற்போனால் என்ன செய்வது என்பதையும் அவர்கள் ஆராயாமல் விட்டாரில்லை. ஹனஃபீ மத்ஹபில் இஸ்திப்தால், அஃதாவது வக்ஃபுச் சொத்தை மாற்றிக்கொள்ளுதல், சில வரம்புகளுக்குட்பட்டு அனுமதிக்கப்பட்டது. பயன் அற்றுப்போயிருக்க வேண்டும். காஜியின் அனுமதி வேண்டும். நியாய விலைக்குக் குறையலாகாது. வரும் பணத்தால் அதே நோக்கத்துக்கு வேறு சொத்து வாங்கப்பட வேண்டும். ஹன்பலீ மத்ஹபும் பயனற்றுப்போன நிலையில் விற்று மாற்ற இடம் கொடுத்தது. ஷாஃபிஈ மத்ஹபோ கதவை மிகவும் இறுக்கியே வைத்தது.

அவ்விறுக்கம் வீணன்று என்பதைச் சரித்திரம் காட்டுகிறது. கி.பி. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோ நகரில் ஜமாலுத்தீன் யூசுஃப் என்னும் செல்வாக்கு மிக்க அரண்மனை அதிகாரி இருந்தார். அவருக்கு ஒரு வக்ஃபுக் கட்டடத்தின் மீது ஆசை பிறந்தால், அக்கட்டடம் அண்டை வீட்டாருக்கும் வழிப்போக்கருக்கும் ஆபத்தானது, மாற்றிவிடுவதே நலம் என்று சாட்சி சொல்ல இருவரைப் பிடிப்பாராம். தலைமைக் காஜியும் அவ்வண்ணமே தீர்ப்பளிப்பாராம். இதனை வரலாற்று ஆசிரியர் மக்ரீஸீ மனம் நொந்து எழுதிவைத்திருக்கிறார். சட்டத்தில் 'தேவை' என்று ஒரு சிறு கதவு திறந்திருந்தது; அதன் வழியே மாளிகைகளே வெளியேறிவிட்டன. காவலரே உடன்பட்டுவிட்டால் எழுதிய நிபந்தனை வாய் திறவாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வக்ஃபுக்கும் அருங்காட்சியகத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசக நேயர்கள் எண்ணக்கூடும். நேரடியான தொடர்பே உண்டு. உதுமானிய ஆட்சியின் இறுதிக் காலத்தில் பள்ளிவாசல்கள், தர்காக்கள், மதரஸாக்கள் ஆகியவற்றிலிருந்து திருமறைப் பிரதிகளும் கம்பளங்களும் விளக்குகளும் களவாடப்பட்டு ஐரோப்பியச் சந்தைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைக் காக்க 1914-இல் இஸ்தான்புல் நகரில், சுலைமானிய்யா பள்ளிவாசலைச் சேர்ந்த அன்னசாலைக் கட்டடத்தில், இஸ்லாமிய வக்ஃபுகளின் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று துருக்கிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் என்னும் பெயரில் விளங்குவது அதுவே. ஏழைக்குக் கஞ்சி வார்த்த கூடம், எல்லாருக்கும் கலைச்செல்வம் காட்டும் கூடமாயிற்று. இரண்டும் வக்ஃபின் வேலையே.

திரும்பி வந்த செல்வம்

மூன்றாவது நிகழ்ச்சி நம் மனத்துக்கு நெருக்கமான பொருள்களைப் பற்றியது. ஜெருசலம் நகரின் மேற்குப் பகுதியில் எல். ஏ. மேயர் பெயரால் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் ஒன்று 1974-இல் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் யூதக் குடும்பமொன்றைச் சேர்ந்த வேரா சாலமன்ஸ் என்னும் அம்மையார், இஸ்லாமியக் கலை ஆராய்ச்சியில் பெயர் பெற்ற பேராசிரியர் மேயரின் நினைவாக அதனை நிறுவினார். அண்டை வீட்டாராகிய முஸ்லிம்களின் கலையையும் பண்பாட்டையும் யூத மக்கள் அறிய வேண்டும் என்பது அவர் நோக்கம்.

2020-ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில் கதவுகள் மூடியிருந்தபோது, அந்நிறுவனத்தார் சுமார் 250 பொருள்களை லண்டன் சதபீஸ் ஏல நிறுவனத்திற்கு அனுப்பிவிட்டனர். உதுமானிய ஓட்டுக் கலங்கள், போர்த் தலைக்கவசம், கம்பளங்கள், பழங்காலக் கடிகாரங்கள் முதலியன அவற்றுள் இருந்தன. அக்டோபர் இறுதியில் ஏலம் என நாள் குறிக்கப்பட்டது. செய்தி பரவியதும் அந்நாட்டுக் கலைத்துறையினரும் அறிஞர்களும் குடியரசுத் தலைவரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஏலம் தொடங்கும் தறுவாயில் நிறுத்தப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

2021 மார்ச்சில் ஓர் உடன்பாடு பிறந்தது. கத்தார் அரச குடும்பத்தைச் சார்ந்த அல்தானீ கலைத்தொகுப்பின் நிறுவனம் பத்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் அவ்வருங்காட்சியகத்திற்கு நிதியுதவி செய்ய முன்வந்தது. ஏலத்துக்குப் போன பொருள்கள் ஜெருசலம் திரும்ப வேண்டும். கைம்மாறாக, 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கூஜா ஒன்று பாரிஸ் நகரில் அத்தொகுப்பின் காட்சிக் கூடத்தில் இரவலாக வைக்கப்படும். அங்கும் அது மக்கள் பார்வைக்கே வைக்கப்படும்.

நுணுகிப் பார்த்தால் இங்கே நடந்தது என்ன? செல்வர் பணம் கொடுத்தார். ஆனால் பொருளை வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. விலையைப் போன்ற ஒன்று கைமாறியது, உடைமை கைமாறவில்லை. நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது பணம். மக்களுக்குத் தேவைப்பட்டது பொருள். இரண்டும் அவரவர்க்குக் கிடைத்தன.

ரூமாக் கிணறு

இதனை எண்ணும்போது மதீனாவின் ரூமாக் கிணறு நம் நினைவில் எழுகிறது. முஹாஜிர்கள் மதீனா வந்த காலத்தில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு இருந்தது. ரூமாக் கிணற்றின் நீரை விலை கொடுத்தே பெற வேண்டியிருந்தது. அக்கிணற்றை வாங்கி, அதில் தம் வாளியை முஸ்லிம்களின் வாளிகளோடு ஒன்றாக்குகிறவர் யார் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அதற்குச் சுவனத்தில் அதைவிடச் சிறந்ததைக் கைம்மாறாகவும் அறிவித்தார்கள். ஹஜ்ரத் உதுமான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பொருளால் அதனை வாங்கி எல்லாருக்கும் உரியதாக்கினார்கள்.

வாங்கியவர் வாளியும் ஊரார் வாளியும் ஒன்றே என்னும் அந்நிபந்தனையின் அழகை நேயர்கள் சிந்திக்க வேண்டும். வாங்கியவர் தண்ணீர் எடுக்கலாகாது என்று சொல்லப்படவில்லை. அவர் பெயர் மறக்கப்படவும் இல்லை; பதினான்கு நூற்றாண்டுகளாக உதுமான் (ரலி) அவர்களின் பெயரோடு அக்கிணறு வழங்கப்படுகிறது. ஆனால் முதல் வாளி அவருடையது என்ற உரிமை இல்லை. பணம் கொடுத்தவர் வரிசையில் மற்றவரோடு நிற்கிறார். பொதுக் காட்சிக்கென்று நிபந்தனை விதித்து விற்கப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் இதுவே உரைகல். வாங்கியவரும் மற்றப் பார்வையாளரைப் போல் வந்து பார்க்கும் இடத்தில் அப்பொருள் இருக்கிறதா? ஆம் எனில் நிபந்தனை உயிரோடு இருக்கிறது. தம் விருந்தினருக்கு மட்டும் திறக்கும் கூடத்தில் இருக்கிறதெனில், கிணற்றுக்கு மூடி போட்டாயிற்று என்று பொருள்.

எனவே நிபந்தனை எழுதுவோர் வெறுமனே 'பொதுக் காட்சி' என்று எழுதி நிறுத்துவது போதாது. எந்த ஊரில், ஆண்டில் எத்தனை நாள், கட்டணம் உண்டா, பழுது பார்க்கும் செலவு யாருடையது, மறுபடி விற்றால் வாங்குபவரும் கட்டுப்படுவாரா, மீறினால் வழக்கிடும் உரிமை யாருக்கு என்பனவெல்லாம் தெளிவாக வேண்டும். காகிதமும் துணியும் ஓயாத வெளிச்சத்தில் நிறம் இழந்து நைந்துபோகும் ஆதலால், அவற்றை ஓய்வில் வைக்கும் காலமும் கணக்கிடப்பட வேண்டும்.

பிரிட்டனில் இதற்கு ஒப்பான முறை ஒன்று உண்டு. தலைசிறந்த கலைப்பொருளை வாரிசாகப் பெறுவோர், அதனைப் பேணிக் காத்து மக்கள் பார்க்க இடம் கொடுத்தால் வாரிசு வரியிலிருந்து விலக்குப் பெறலாம். முன்பு, வேண்டுவோர் முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பார்க்கலாம் என்ற அளவில் பலர் நிறுத்திக்கொண்டனர். பூட்டிய வீட்டின் கதவைத் தட்டிக் கேட்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? ஆகவே 1998-ஆம் ஆண்டுச் சட்டம், முன் அனுமதியின்றியும் பார்க்க வழி செய்ய வேண்டும் என்று இறுக்கியது. வாக்கை மீறினாலோ பொருளை விற்றாலோ விட்டுக்கொடுத்த வரி திரும்ப வந்து கழுத்தைப் பிடிக்கும். நிபந்தனைக்குப் பின்னால் இழப்பு என்ற ஒன்று நின்றால்தான் அதற்குக் கால் முளைக்கிறது.

நம் வீட்டு ஏடுகள்

இவையெல்லாம் பெரிய நகரங்களின் கதை, நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் எத்தனையோ குடும்பங்களில் பாட்டனார் ஓதிய கிதாபுகள் உண்டு. அரபுத்தமிழில் எழுதப்பட்ட கையெழுத்துப் பிரதிகள் உண்டு. பரணில் கறையானுக்கு இரையாவதைவிட மதரஸாவுக்கோ நூலகத்துக்கோ கொடுப்பது நன்று என எண்ணிப் பலர் கொடுக்கின்றனர். கொடுக்கும் நெஞ்சம் பெரிது. ஆனால் வாய்மொழியாகவே கொடுத்துவிடுகின்றனர். அடுத்த தலைமுறையில் அது யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்பதைச் சொல்ல ஆளில்லாமற் போகிறது.

நம் முன்னோர் இதற்கு எளிய வழி கண்டிருந்தனர். நூலின் முதல் ஏட்டிலேயே, சில நூல்களில் பக்கத்துக்குப் பக்கமே, 'வக்ஃபு' என்று எழுதிவைத்தனர். கொடுத்தவர் பெயர், எந்த இடத்தில் இருக்க வேண்டும், யார் ஓதலாம், விற்கலாகாது என்பனவும் எழுதப்பட்டன. ஆவணம் தனியாக இருந்தால் தொலைந்துபோகும். பொருளின் உடம்பிலேயே எழுதப்பட்டால், பொருள் எங்கே போனாலும் சாட்சியும் உடன் போகும். இன்று உலகின் பெரிய நூலகங்களில் கண்ணாடிக்குள் இருக்கும் பழைய திருமறைப் பிரதிகள் பலவற்றில் அவ்வெழுத்து இன்னும் படிக்கக் கிடக்கிறது. அவற்றை அங்கே கொண்டுசென்ற கைகள் மண்ணாகிவிட்டன. 'இது விற்பனைக்குரியதன்று' என்று அந்த மை மட்டும் இன்னும் சாட்சி பகர்ந்துகொண்டிருக்கிறது.

அந்த மை மட்டும் பொருளைக் காக்கவில்லை என்பதும் உண்மையே. கேட்பதற்கு ஒரு காவலர் இல்லாதபோது அதுவும் ஊமைச் சாட்சிதான். ஆதலால் ஏட்டைக் கொடுப்போர் அதன் முதல் பக்கத்தில் நிபந்தனையை எழுதுவதோடு, ஜமாஅத்தின் பதிவேட்டிலும் அதனைப் பதியச் செய்து, ஆண்டுக்கொருமுறை பார்வையிடும் பொறுப்பைக் குடும்பத்தில் ஒருவர்க்கும் ஊரில் ஒருவர்க்கும் ஒப்படைப்பது கடமையாகும். உமர் (ரலி) அவர்கள் நிலத்தோடு ஹஃப்ஸா (ரலி) அவர்களின் பெயரையும் சேர்த்து எழுதிய அறிவு அதுவே. பெற்றுக்கொள்ளும் நிறுவனத்தாரும் தாம் உடைமையாளர் அல்லர், அமானிதம் சுமப்பவர் என்பதை மறவாதிருக்க வேண்டும். அமானிதத்தைப் பற்றி நாளை மறுமையில் விசாரணை உண்டு என்பதை அறிந்தவர்க்கு அதற்குமேல் கூற வேண்டியதில்லை. வல்ல அல்லாஹ் கொடுப்போர் நோக்கத்தையும் காப்போர் கையையும் தூய்மையாக்கி வைப்பானாக. ஆமீன்.